கடைசி ஸ்டேஷனில் இறங்குங்கள்

இந்தத் தடவை வாசகர் கேள்விகள் முழுக்க எங்கள் பதுளை, இலங்கையின் ஊவா மாகாணத்து மலைநகரம். போன இதழில் "எங்கள் ஊரைப் பற்றிக் கேளுங்கள்" என்று மூலையில் ஒரு வரி போட்டேன், கடிதம் குவிந்துவிட்டது. ஒரே மாதிரி வந்தவற்றை ஒதுக்கிவிட்டு எட்டை எடுத்திருக்கிறேன். நான் பிறந்தது பசறை வீதியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். ஆறாம் வகுப்புக்கு டவுன் பள்ளிக்கூடத்துக்கு வந்தவள் அப்படியே டவுன்காரியாகிவிட்டேன். அதனால் நடுநிலையான பதில் வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா, நாங்கள் நான்கு நண்பர்கள், மூன்று நாள் லீவு. எல்லக்குப் போவதாக இருந்தோம். உங்கள் வரியைப் பார்த்துவிட்டு ஒருவன் பதுளை என்கிறான். அங்கே அப்படி என்ன இருக்கிறது?
(வாசகர், கோண்டாவில்)

எல்லக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன் தம்பி. ஆனால் எல்லயில் கோச்சி (ரயில்) நிற்கும்போது ஜன்னலால் எட்டிப் பாருங்கள். முதுகில் பை மாட்டிய வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் இறங்கிவிடுவார்கள், பெட்டி பாதி காலியாகிவிடும், அதுவரை வாசலில் தொங்கிக்கொண்டு வந்த கூட்டம் போய் உட்கார இடம் கிடைக்கும். அதற்குப் பிறகு மிஞ்சுகிறவர்கள் எங்கள் ஆட்கள்தான். கொழும்பில் கடையில் வேலை செய்துவிட்டு லீவுக்கு வருகிற பெடியன்கள், கண்டியில் மருந்து எடுத்துக்கொண்டு திரும்புகிற பெரியவர்கள், மடியில் மரக்கறிப் பையோடு தூங்குகிற அம்மாமார்.

பயணத்தின் நல்ல பகுதியே அங்கேதான் தொடங்குகிறது. எல்லயிலிருந்து புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் ஒன்பது வளைவுப் பாலம் வரும். 1921இல் கட்டி முடித்தது, 91 மீட்டர் நீளம். எல்லயில் இறங்கியவர்கள் இந்தக் கோச்சியைப் படம் எடுப்பதற்காகக் காட்டு வழியாக நடந்து வந்து பாலத்தடியில் காத்திருப்பார்கள், நீங்கள் அதற்குள்ளேயே உட்கார்ந்து கையசைத்துக்கொண்டு போகலாம். அடுத்தது தெமோதரை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்த பாதை மலையைச் சுற்றிக் கீழிறங்கி, சற்று முன் நின்ற அதே ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழையும். இந்த யோசனை எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். எஞ்சினியர் விமலசுரேந்திர, இவ்வளவு செங்குத்தான இடத்தில் பாதையை எப்படி இறக்குவது என்று தவித்துக்கொண்டிருந்தபோது ஒரு கங்காணி (தோட்டத் தொழிலாளரின் மேற்பார்வையாளர்) தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்தாராம், உடனே பொறி தட்டியதாம். உண்மையோ பொய்யோ, அந்தத் தலைப்பாகை நம் ஆளுடையது என்பதால் நான் நம்பத் தயார்.

அப்புறம் உடுவர, ஹாலிஎல, பதுளை. அதோடு தண்டவாளம் முடிகிறது. பண்டாரவளை வரைக்கும் 1890களிலேயே வந்துவிட்ட பாதை, பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. இறங்கியதும் எல்லாரையும் போல வெளிவாசலுக்கு ஓடாமல் எஞ்சின் பக்கமாகக் கொஞ்சம் நடந்து தண்டவாளம் நிற்கிற இடத்தைப் பாருங்கள். கொழும்பு கோட்டையிலிருந்து கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர் வந்த பாதை அங்கே புல்லுக்குள் போய் முடிந்திருக்கும். சின்ன வயதில் எனக்கு அது பெரிய அதிசயம், இலங்கையே அத்தோடு முடிந்துவிடுகிறது என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வருவதால் கொழும்புக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும் என்றில்லை. நேரம் பொருந்தினால் பொல்கஹவெலயில் இறங்கி மலைநாட்டுக் கோச்சிக்கு மாறலாம். முதல் நாள் வந்து சேர்ந்து, ஊரைச் சுற்றிவிட்டுத் தூங்குங்கள். இரண்டாம் நாள் காலை துன்ஹிந்த அருவி, பின்னேரம் சும்மா. மூன்றாம் நாள் போகொட மரப்பாலம். எல்ல பக்கத்தில்தானே இருக்கிறது, திரும்பும்போது பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பதுளையில் குளிருமா? ஸ்வெட்டர் கொண்டு வரவேண்டுமா?
(வாசகி, சென்னை குரோம்பேட்டை)

நுவரெலியா மாதிரிக் குளிராது. ஊர் கடல் மட்டத்திலிருந்து 680 மீட்டர்தான், சுற்றிவர மலை, நடுவில் கிண்ணம் மாதிரி நாங்கள். மத்தியானத்தில் வியர்க்கும், விடியற்காலையில் ஒரு சால்வை போதும். ஆனால் கோச்சியில் வருகிறீர்கள் என்றால் ஸ்வெட்டரைப் பெட்டியில் அடியில் வைத்துவிடாதீர்கள். பட்டிப்பொல பக்கம் பாதை 1,890 மீட்டருக்கும் மேலே ஏறும், அங்கே பல் கிட்டும். பட்டிப்பொலயைத் தாண்டி ஒரு சுரங்கம் வரும், அதற்கு இந்தப் பக்கம் மத்திய மாகாணம், அந்தப் பக்கம் ஊவா. மழையும் மூட்டமுமாக உள்ளே நுழைந்த கோச்சி வெயிலுக்குள் வெளியே வருவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

மாதம் முக்கியம். ஜூன் முதல் செப்டெம்பர் வரை எங்களுக்கு வெயிலும் காற்றும். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை, அதுவும் சில நாள் பயமுறுத்துகிற மழை. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்களே புதைந்துபோனது இந்த மாவட்டத்தில்தான். அந்த மாதங்களில் வருவதானால் கோச்சி முழுத் தூரமும் ஓடுகிறதா, மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். எச்சரிக்கை விடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், செய்தியில் சொல்வார்கள்.

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் நோவு. துன்ஹிந்த பார்க்க ஆசைப்படுகிறா. கூட்டிக்கொண்டு போகலாமா?
(வாசகி, வத்தளை)

வாகனம் நிற்கிற இடத்திலிருந்து நடக்க வேண்டியது ஒன்றரைக் கிலோமீட்டர். தூரம் பெரிதில்லை, கல்லும் படியும் இறக்கமும்தான் பிரச்சினை. அருவிக்குப் போகும்போது இறக்கம் என்பதால் எல்லாரும் சிரித்துக்கொண்டு போவார்கள், திரும்பும்போதுதான் முகங்களைப் பார்க்கவேண்டும். முழங்கால் நோவு உள்ளவர் என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான். ஆனால் 68 வயது அம்மாமார் நாம் சொல்லியா கேட்கப்போகிறார்கள்? போவதாக இருந்தால் வெயில் ஏறமுன் காலையிலேயே போங்கள், ரப்பர் அடி போட்ட சப்பாத்து, கையில் ஒரு தடி, அரை மணித்தியாலத்தில் போய்விடலாம் என்று யார் சொன்னாலும் ஒரு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் கீழே பள்ளத்தாக்கில் சின்ன அருவி ஒன்று தெரியும், கால் அதற்கு மேல் முடியாதென்றால் அங்கேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாலும் வந்தது வீண் இல்லை.

என் பெரியம்மாவை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனேன். நாவலப்பிட்டியிலிருந்து வந்தவர், அதற்கென்றே வாங்கிய புதுச் செருப்பு. கால்வாசி தூரத்தில் இடது செருப்பின் அடி கழன்று வாய் பிளந்துவிட்டது. அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினார். கொழுந்து எடுத்த கால் அல்லவா, செருப்போடு இருந்ததைவிட வேகமாக இறங்கினார். நான்தான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போனேன். அதற்குள் குரங்கு ஒன்று வந்து என் கையிலிருந்த பணிஸ் பையைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறி, ஒவ்வொரு பணிஸாகப் பிய்த்து உள்ளே இருந்த சீனிச் சம்பலை மட்டும் தின்றுவிட்டு ரொட்டியைக் கீழே போட்டது. பெரியம்மா அருவியைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை, அந்தக் குரங்கைப் பற்றிச் சாகும்வரை பேசினார்.

வழியில் பெலிமல் விற்பார்கள், காய்ந்த வில்வம்பூவைக் கொதிக்கவைத்த தண்ணீர், கூடவே ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டி. கருப்பட்டியை ஒரு கடி, தண்ணீரை ஒரு மிடறு, அப்படித்தான் குடிக்க வேண்டும். திரும்பி ஏறும்போது குடித்தால் அதன் அருமை தெரியும்.

அருவி 64 மீட்டர். விழுகிற வேகத்தில் தண்ணீர் புகையாய் எழும்பி நிற்கும், பெயரே அதனால் வந்ததுதான். விழுவது வேறு எதுவும் இல்லை, டவுனைக் கிட்டத்தட்ட வளையம் போட்டுச் சுற்றிக்கொண்டு ஓடுகிற பதுளு ஓயாதான். டவுன் பாலத்தில் நின்று பார்த்தால் பிளாஸ்டிக் போத்தலும் நுரையுமாகப் போய்க்கொண்டிருக்கும், நாங்கள் அதைக் கண்டுகொள்ளவே மாட்டோம். அதே தண்ணீரை ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் போய் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம். குளிக்க மட்டும் இறங்க வேண்டாம், அந்த இடத்தில் உயிர்கள் போயிருக்கின்றன. ஓகஸ்ட் மாதக் காய்ச்சலில் தண்ணீர் மெலிந்திருக்கும், மழைக்குப் பிறகு தை, மாசியில் வந்தால் அம்மாவுக்கு முழு அருவியும் கிடைக்கும்.

மகன் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறான். அவனைக் கொண்டுபோய் விட வருகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் இருக்கும். டவுனுக்குள் என்ன பார்க்கலாம்?
(வாசகர், வவுனியா)

முதலில் மகனுக்கு வாழ்த்து. நான்கு வருடம் இருக்கப் போகிற பிள்ளை, ஊரைக் காலால் தெரிந்துகொள்ளட்டும், ஆட்டோ பிடிக்காதீர்கள்.

காலையில் முதியங்கனை விகாரையில் தொடங்குங்கள். பௌத்தர்கள் போற்றும் 16 புனிதத் தலங்களில் ஒன்று, புத்தர் இலங்கைக்கு வந்த மூன்றாவது தடவை இங்கே வந்தார் என்பது நம்பிக்கை. செருப்பை வெளியே வையுங்கள், முழங்கால் தெரிகிற உடுப்பு வேண்டாம். முற்றத்து மணல் காலையில் கூட்டிய தடத்தோடு இருக்கும், அதில் முதல் ஆளாக நடப்பது எனக்குப் பிடிக்கும். டவுனுக்குள்ளேயே கதிர்காம தேவாலயமும், அதாவது முருகன் கோவிலும் இருக்கிறது, நம் ஆட்களும் அர்ச்சனைத் தட்டோடு போவார்கள்.

அடுத்தது புனித மார்க் தேவாலயம், கல்லால் கட்டிய சின்ன அங்கிலிக்கன் கோவில். உள்ளே ஒரு நினைவுப் பலகை இருக்கிறது, அதைக் கட்டாயம் வாசியுங்கள். மேஜர் ரொஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியின் நினைவாக 1850களில் எழுப்பியது. பதுளையில் அரசாங்க உதவி ஏஜண்டாகவும் நீதவானாகவும் இருந்தவர், 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று பெயர் வாங்கியவர். 1845 ஜூன் 7ஆம் தேதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவில் உள்ள அவருடைய கல்லறையையும் மின்னல் விடவில்லை என்று சொல்வார்கள். யானைச் சாபம் என்பாள் எங்கள் பாட்டி. அத்தனை யானையைச் சுட்டவருக்குக் கோவில் கட்டி வைத்திருக்கிறோம், ஒரு யானைக்கு ஒரு கல் நட்டிருந்தால்கூடப் பதுளையில் நடக்க இடம் இருந்திருக்காது.

அங்கிருந்து நூலகத்துக்கு. சேனரத் பரணவிதான பெயரில் உள்ள பொது நூலகம், அந்த வளவில் ஒரு கல்தூண் நிற்கிறது. பத்துப் பேரில் ஒன்பது பேர் அதைப் பார்க்காமலே தாண்டிப்போவார்கள். பத்தாம் நூற்றாண்டில், நான்காம் உதய அரசன் காலத்தில் வெட்டியது. மஹியங்கனைப் பக்கம் இருந்த ஹோப்பிட்டிகம என்ற சந்தையின் வியாபாரிகள், அதிகாரிகள் எங்களை வருத்துகிறார்கள் என்று அரசனிடமே முறையிட, அவன் போட்ட சட்டதிட்டங்கள்தான் தூணில் உள்ளவை. சரியில்லாத படிக்கல்லில் நிறுக்காதே, பௌத்தர்களின் போயா நாளில் கடை திறக்காதே, வரியை இஷ்டத்துக்கு வாங்காதே. ஆயிரம் வருடத்துக்கு முந்திய விஷயம் மாதிரியா இருக்கிறது? அதைப் பார்த்த கையோடு பழைய வெலேகடைச் சந்தைக் கட்டடத்துக்கும் போங்கள், வெள்ளைக்காரன் காலத்தில் எட்டுப் பட்டையாகக் கட்டியது, நடுவில் முற்றம். அப்புறம் பசார் வீதி வழியாகத் திரும்புங்கள். ஞாயிறு டவுன் என்றால் தோட்டங்களில் இருந்து வந்த சனத்தில் நடைபாதை தெரியாது, மகனுக்கு வாளி, தலையணை, பூட்டு எல்லாம் அங்கேயே பேரம் பேசி வாங்கிவிடலாம்.

சாப்பாடு எங்கே நல்லது? கடைப் பெயர் சொல்லுங்கள்.
(வாசகர், கல்முனை)

பெயர் சொன்னால் அடுத்த மாதம் கைமாறிவிடும், பிறகு நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். நேரத்தைச் சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிப் பக்கம். ஊவா முழுக்க நோயாளிகள் வருகிற பெரிய ஆஸ்பத்திரி, விடியமுன் பஸ் ஏறி வந்த சனம் பசியோடு நிற்கும், அதனால் இடியப்பமும் சொதியும் ஆற நேரமே இல்லை. பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்ட் தேத்தண்ணிக் கடை ஒன்றில் உட்காருங்கள். கேட்காமலே ஒரு தட்டில் ரோல்ஸ், கட்லட், மாலு பணிஸ், பராட்டாச் சுருள் என்று அடுக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். கல்முனைக்காரருக்கு இது புதிதில்லை, ஆனால் இந்தியாவிலிருந்து வருகிற வாசகர்கள் பயந்துவிடுவார்கள்: தின்றதற்கு மட்டும்தான் காசு, மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். ஆகவே தின்னாததைத் தொட்டுப் பார்க்காதீர்கள்.

தோட்டத்து ரொட்டி கிடைத்தால் விடாதீர்கள். கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் போட்டு உள்ளங்கை மொத்தத்துக்குத் தட்டிய ரொட்டி, மேலே கட்டச் சம்பல், பக்கத்தில் இஞ்சி தட்டிய பிளேன்டீ. மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிறவர்களுக்கு மத்தியானம் வரை வயிறு தாங்கவேண்டும் என்று சுட்டது, ஒன்றுக்கு மேல் தின்றால் பஸ்ஸில் தூக்கம்தான்.

ஊவாத் தேயிலை, ஊவாத் தேயிலை என்று பெருமை அடிப்பீர்கள். எங்கள் அட்டன் தேயிலைக்கு முன்னால் அது நிற்குமா அக்கா?
(வாசகர், கொட்டகலை)

வம்புக்கு வருகிறீர்கள், வாருங்கள். உங்கள் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல பருவம், எங்களுக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. உங்கள் பக்கம் ஆடி மழை கொட்டுகிறபோது அதே காற்று மலையைத் தாண்டி ஈரமெல்லாம் வடிந்து காய்ந்துபோய் எங்கள் மேல் இறங்கும். கச்சான் என்போம். செடிக்குத் தண்ணீர் போதாது, கொழுந்து மெதுவாக வளரும், வாசனை செறிந்துவிடும். நல்ல ஊவாத் தேயிலையைக் குடித்தால் தொண்டைக்குள் தைலம் பட்ட மாதிரி ஒரு குளிர்ச்சி தெரியும். அது உங்களிடம் இல்லை, ஒத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். வாசனை ஏறுகிற அந்த மாதங்களில் மலையில் கொழுந்து குறைவு. கூடை நிறையாது, கிலோ வராது, அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி, போட்டுவிடுவார்கள். ஏலத்தில் விலை ஏறிய தேயிலைக்காக அம்மா அரை நாள் சம்பளத்தோடு வீட்டுக்கு வந்த நாள்கள் எனக்கு நினைவிருக்கிறது. கச்சான் காற்றை அவள் திட்டியது போல நான் யாரும் எதையும் திட்டிக் கேட்டதில்லை. வீட்டில் குடித்தது என்னவோ டஸ்ட்தான்.

வாங்க வருகிறவர்கள் டவுனில் தேயிலை நிறுத்து விற்கிற கடையில் இந்தப் பருவத்துத் தேயிலை வந்துவிட்டதா என்று கேட்டு வாங்குங்கள். பளபளப்பான டின் உங்கள் இஷ்டம்.

போகொட மரப்பாலம் இவ்வளவு தூரம் போய்ப் பார்க்கிற அளவுக்குத் தகுமா?
(வாசகி, மாத்தளை)

தகும். ஹாலிஎல வழியாகப் போகவேண்டும், கடைசித் துண்டுக்கு ஆட்டோ தேவைப்படும், ஏறமுன் போய்வரக் காசு பேசிக்கொள்ளுங்கள், காத்திருக்கிற நேரத்தையும் சேர்த்து. கல்லந்த ஓயாவுக்கு மேல் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய பாலம், முழுக்க மரம், மேலே ஓட்டுக்கூரை, இரண்டு பக்கமும் கடைந்த தூண்கள். ஒரு காலத்தில் பதுளைக்கும் கண்டிக்கும் நடந்து போனவர்களின் வழி. பதினைந்து மீட்டர் நீளம்தான், நடந்தால் அரை நிமிடம். அதனால் நடக்காதீர்கள், கைப்பிடிப் பக்கம் உட்காருங்கள். கீழே தண்ணீர் பாறையில் உரசுகிற சத்தம் கூரைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்தில் பழைய விகாரை. மழை நாளில் படி வழுக்கும்.

என் அப்பா பதுளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1970களில் குடும்பத்தோடு இந்தியா வந்து, தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, போன வருடம் காலமானார். கடைசிவரை "பதுளை ஸ்டேஷன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பிறந்த இடத்தைப் பார்க்க வர ஆசை. எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி உள்ளே போவது?
(வாசகர், நீலகிரி கூடலூர்)

தம்பி, உங்கள் கடிதத்தைத்தான் கடைசிக்கு வைத்தேன். மற்ற வாசகர்களுக்காக இரண்டு வரி: 1948இல் மலையகத் தமிழரான நம் ஆட்களின் பிரஜாவுரிமை பறிபோனது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இங்கே என்று பிரித்தது. மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். பதுளையில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அந்த நாளில் ஒரு குடும்பத்தை ஏற்றிவிட லயமே வந்து பிளாட்பாரத்தில் நிற்கும், அழுகைச் சத்தத்தில் விசில் கேட்காது என்று அம்மா சொல்வாள். தண்டவாளம் முடிகிற ஸ்டேஷன் என்று முதல் கேள்விக்கு எழுதினேன் பாருங்கள், உங்கள் அப்பாவுக்கு அது தொடங்கிய இடம்.

கண்டுபிடிக்கிற வழி. அப்பாவின் பாஸ்போர்ட், குடும்ப அட்டை, பிறப்புப் பதிவு எதிலாவது தோட்டத்துப் பெயர் இருக்கும், ஆனால் அது இங்கிலீஷ் பெயர். எங்கள் சனம் அந்தப் பெயரைச் சொல்லாது. முதல் துரையின் பெயர், பழைய கங்காணியின் பெயர், ஏதோ ஒரு மரத்தின் பெயர் என்று ஒவ்வொரு தோட்டத்துக்கும் தமிழில் தனிப் பெயர் உண்டு. உங்கள் அத்தை, சித்தப்பா யாராவது இருந்தால் இன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: தோட்டத்துத் தமிழ்ப் பெயர், எந்தப் பிரிவு, எந்த லயம், கங்காணி யார், மாரியம்மன் கோவில் லயத்துக்கு மேலேயா கீழேயா. கடைசிக் கேள்வி அசட்டுத்தனமாகத் தெரியும், ஆனால் இடம் மாறாமல் இருப்பது பெரும்பாலும் கோவில் மட்டும்தான். தோட்டங்கள் 1970களில் அரசாங்கத்துக்குப் போய், 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்கு வந்துவிட்டன, பெயர்ப்பலகையில் அப்பா சொன்ன பெயர் இல்லாமல் இருக்கலாம். லயமே இல்லாமலும் இருக்கலாம். சில இடத்தில் மண்சரிவுப் பயத்தில் சனத்தை எழுப்பித் தனி வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள், சில இடத்தில் மலை காடாகிவிட்டது. அதற்கும் மனதைத் தயார்படுத்திக்கொண்டு வாருங்கள்.

போவதானால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். வேலை நாளில் போனால் எல்லாரும் மலையில் இருப்பார்கள். கொழுந்து எடுக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம், சுற்றுலாக்காரர்களால் அந்தப் பெண்கள் அலுத்துப் போயிருக்கிறார்கள். தோட்டத்து ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நேராகக் கோவிலடிக்குப் போய், இங்கே ஆக வயதானவர் யார் என்று கேளுங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பாட்டியை யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவருவார்கள். தாத்தாவின் பெயரோடு பட்டப்பெயரும் சொல்லுங்கள், பட்டப்பெயர்தான் வேலை செய்யும். அப்பாவின் பழைய போட்டோ, இளவயதுப் படம், இருந்தால் கொண்டுவாருங்கள். பிள்ளைகளுக்குக் காசு கொடுக்காதீர்கள், அது பழக்கமாகிவிடுகிறது. போகிற வீட்டுக்கு ஒரு பெரிய பிஸ்கட் பெட்டி, ஒரு கிலோ சீனி போதும். தேத்தண்ணி கொடுப்பார்கள், விருந்தாளி என்பதால் சீனி அள்ளிப் போட்டிருப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

தோட்டத்துப் பெயரும் பிரிவும் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். பசறைப் பக்கம் என்றால் நானே விசாரித்து வைக்கிறேன், அந்தப் பக்கத்து மேல் தோட்டங்களுக்குக் காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ் என்றுதான் ஓடும், பின்னேர பஸ்ஸை விட்டுவிட்டால் அன்றிரவு அங்கேதான். தூங்குவதற்குப் பாய் கொடுப்பார்கள்.